எருமைக்கு வந்த பதவி உயர்வு

அந்த அக்கா தலை நிமிர்ந்தால் எங்கள் ஷெட்டில் ஒருவருக்கும் ஒழுங்காக நடக்க வராது. டீ கொண்டுவருகிறவர் கிளாஸைத் தளும்ப விடுவார். ஓனர் வேட்டியை ஒருமுறை தூக்கிக் கட்டுவார், மறுபடி இறக்கி விடுவார். கலர் பூசுகிற பெண்கள் நாங்கள் நாலு பேரும் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதென்றாலும் அவள் குனிந்து வரைகிற நேரமாகப் பார்த்துத்தான் எழுந்திருப்போம். அவள் நடையைத் திருடுகிறவள். காலையில் நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நடந்தால், சாயங்காலம் அதே சாய்வோடு அவள் மேஜையில் ஒரு ஆடு நடந்துகொண்டிருக்கும்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், இப்போது எங்கே இருந்தாலும் தேடி வந்து என் மூக்கை ஏதாவது ஒரு மிருகத்துக்கு ஒட்டிவிட்டுத்தான் போவாள்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில், தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். ஓனர் வீட்டுக்காரர்கள் தலைமுறையாகப் பயிர் வைத்தவர்கள். நிலமெல்லாம் பிளாட்டாகவும் கம்பெனியாகவும் போன பிறகு மிஞ்சியது இந்த ஷெட்டும், பக்கத்தில் மாட்டுக்கொட்டகையும், அதில் நாலு எருமையும். ஓனருக்குச் சினிமாப் பைத்தியம். ஆனால் கணக்குத் தெரிந்த பைத்தியம். கார்ட்டூன் கதாநாயகனுக்குக் கார் அனுப்ப வேண்டாம், ஜூஸ் வாங்கித் தர வேண்டாம் என்று யோசித்துப் பொம்மைப் படக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். பல்பொடி, தீப்பெட்டி என்று விளம்பரப் படங்கள். அக்கா பென்சிலில் வரைவாள். நாங்கள் அதைக் கண்ணாடி போன்ற செல் ஷீட்டில் நகலெடுத்து, பின்பக்கம் கலர் பூசுவோம். பூசுவதற்கு முன்னால் அவள் தாள்களை அடுக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் சர்ரென்று புரட்டிக் காட்டுவாள். அந்த ஒரு நொடியில் கோழியும் குரங்கும் உயிரோடு நடந்து போகும். அதைப் பார்ப்பதற்காகவே நான் வேலைக்குச் சீக்கிரம் வந்துவிடுவேன்.

அவள் மட்டும் சீக்கிரம் வந்ததே கிடையாது. அண்ணனூரிலிருந்து லோக்கல் ரயிலில் வருவாள். ரயில் சரியாகத்தான் வரும், இவள்தான் வழியில் யார் பின்னாலாவது போய்விடுவாள்.

"கொரட்டூர் வரிக்கும் பூட்டேன்மே. எறங்கணும்னே தோணல. ஒரு ஆளு, ரெண்டு கையிலயும் பை. அவன் எங்க நடக்கறான்? அந்தப் பை ரெண்டும் சேந்து அவன இட்டுகினு போவுது" என்று சொல்லிக்கொண்டே உட்காருவாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பென்சிலை எடுத்துவிடுவாள். அரிநெல்லிக்காயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவள் வரைந்து முடிக்கும்போது, கொரட்டூர்க்காரர் ஒரு கழுதையாகியிருப்பார்.

இந்தக் குணத்தால் அவளுக்கு ஏற்கெனவே ஒரு வேலை போயிருந்தது. எங்கள் ஷெட்டுக்கு வருவதற்கு முன்னால் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ரேடியோவுக்கு ஈயம் பற்றவைக்கிற லைனில் இருந்தாள். நாள் முழுக்க ஒரே இடத்தில், ஒரே கம்பி, ஒரே புகை. ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் அட்டைப்பெட்டி மேல் சூப்பர்வைசரைப் பெருச்சாளியாக வரைந்து வைத்தாள். மீசை, சாவிக்கொத்து எல்லாவற்றோடும்.

"அவரு பாத்துட்டு இன்னா சிரிப்பு சிரிச்சாரு தெரியுமா? 'யாரும்மா இது, நம்ம ஸ்டோர் கீப்பரா?'ன்றாரு. அப்பிடியே போயிருப்பாரு. பக்கத்துல நின்னான் பாரு ஒரு நல்லவன், அவன்தான் காதுல ஓதிட்டான்."

அன்று சாயங்காலமே சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அதிலிருந்து அவள் ஒரு விஷயத்தை உறுதியாக நம்பினாள். "தன்ன ஒருத்தனும் கண்டுபுடிக்க மாட்டான்மே. பக்கத்துல கீறவன்தான் கண்டுபுடிப்பான். நம்ம பயப்பட வேண்டியது அவனுக்குத்தான்."

நான் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிற ஆள் இல்லை. ஆனால் ஷெட்டில் கேட் சத்தம் கேட்டால் யாராவது போய்ப் பார்க்கத்தானே வேண்டும். மற்ற மூன்று பேரும் தலை குனிந்தால் குனிந்ததுதான், உலகம் முழுகினாலும் தெரியாது. அதனால் நான்தான் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போவேன். அந்த அதிகாரி முதல்முறை வந்ததையும் அப்படித்தான் எல்லோருக்கும் முன்னால் பார்த்து, உள்ளே வந்து எல்லோருக்கும் சொன்னேன்.

ஏதோ ஒரு எரிசக்தி ஆபீஸிலிருந்து வந்திருந்தார். சாண எரிவாயுவைப் பற்றி கிராமத்து ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பொம்மைப் படம் வேண்டும். மனிதர்கள் சொன்னால் யாரும் கேட்பதில்லையாம், மிருகங்கள் சொல்லட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். இந்தப் படம் பிடித்தால் அடுத்து காற்றாலை, சூரிய அடுப்பு என்று வரிசையாகத் தருவார்கள். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஓனரே எங்களை நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்.

"வெளம்பரம் எல்லாம் நின்னு போச்சு. எந்தம்பி லேத்து பட்டறை வைக்க எடம் கேட்டுகினே கீறான். படம் பாஸானா பொம்மை. இல்லன்னா லேத்து. அவ்ளோதாம்மா."

நாங்கள் நாலு பேரும் வேறு எங்காவது போய்விடுவோம். அக்காவுக்குத்தான் வழியில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பொம்மை வரைகிற வேலை வேறெங்கும் கிடையாது. மறுபடியும் ஈயம் பற்றவைக்கிற லைனுக்குத்தான் போக வேண்டும். ஓனர் 'லேத்து' என்று சொன்னபோது அவள் நெல்லிக்காய் மெல்லுவதை நிறுத்தினாள். நான் பார்த்தேன்.

இவ்வளவு தெரிந்தும் அவள் சும்மா இருந்தாளா? அதிகாரி விவரம் சொல்ல அடுத்த தடவை வந்து உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றாள். அதுவரை யாருக்காகவும் அவள் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. மனுஷர் அப்படி இருந்தார். முதலில் தொந்தி வரும். அதற்குப் பின்னால் அவர் வருவார். கால்கள் அவசரமே இல்லாமல் கடைசியில் வந்து சேரும். ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. மோவாயைத் தூக்குவார், இரண்டு கண்ணையும் மூடுவார், வாயில் ஒன்றும் இல்லாமலேயே தாடையை இப்படியும் அப்படியும் அசைப்பார், கைக்குட்டையால் பிடரியில் ஒரு தட்டுத் தட்டித் துடைத்துக்கொண்டு, "அதாவது பாருங்க..." என்று ஆரம்பிப்பார்.

அக்கா பக்தியோடு கேட்டாள். "சார், அந்த ஓரமா போய் சொல்லுங்க சார், வெளிச்சம் அங்கதான் கீது." போனார். "சார், இப்பிடி வந்துருங்க, காத்து வரும்." வந்தார். "சார், தொட்டி எம்மாம் நீளம்னு நடந்து காமிச்சிருங்களேன்." தொந்தி, அவர், கால்கள் என்று ஷெட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்து காட்டினார். சாணியும் தண்ணீரும் சமமாகக் கரைத்துத் தொட்டியில் விட வேண்டும், காற்றுப் புகாமல் மூட வேண்டும், உள்ளே வாயு சேரும், குழாய் வழியாக அடுப்புக்குப் போகும், புகை இல்லாமல் நீல நிறத்தில் எரியும், மிச்சம் வயலுக்கு உரமாகும் என்று மனதாரச் சொன்னார். நல்ல மனுஷர்தான். போகும்போது ஓனரிடம், "அந்தம்மாவுக்கு என்ன ஆர்வம்!" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

"அக்கா, வேணாம்க்கா" என்றேன்.

"இன்னாமே வேணாம்? படத்துக்கு ஒரு எருமை வேணும். பக்கத்துலயே நாலு கீதேன்னு போய் ரெண்டு நாளா பாத்தேன். ஒண்ணுத்துக்கும் எருமையா நடக்கத் தெரில."

படத்தின் கதை இதுதான். ஒரு வீட்டில் விறகுப் புகையால் கூரை மேல் இருக்கிற காக்காவுக்குத் தீராத இருமல். விறகு சுமக்கிற கழுதைக்கு முதுகு ஒடிகிறது. அப்போதுதான் எருமையின் சாணத்திலிருந்தே அடுப்பு எரியும் என்று தெரிகிறது. அன்றிலிருந்து எருமைக்குத் தலைகால் புரியவில்லை. 'இந்த வீடே என்னால்தான் எரிகிறது' என்று சொல்லிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இடையில் ஒரு கோழி. ஜனங்களுக்கு வருகிற சந்தேகத்தையெல்லாம் அதுதான் கேட்கும், கேட்டதையெல்லாம் அதுதான் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எனக்கு அந்தக் கோழியைக் கண்டால் அப்படி ஒரு சிரிப்பு. சரியான வம்புக்கோழி. இரண்டடி வைக்கும், நிற்கும், தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று கழுத்தைத் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்க்கும், ஒரு பக்க இறக்கையை மட்டும் உதறிக்கொண்டு மறுபடி கிளம்பும். கோழிக்குக் கலர் பூசுகிற வேலை என்னுடையது. கொண்டைக்குச் சிவப்பு, காலுக்கு மஞ்சள் என்று மாதக்கணக்கில் பூசினேன்.

"அக்கா, இது டீக்கடைக்காரர் சம்சாரம்தானே?" என்று கேட்டேன்.

பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இருக்கலாம்மே" என்றாள்.

"எல்லாரையும் போடறீங்க. என்னை மட்டும் ஏன்க்கா போடல?"

"உன்ன எங்கமே போடறது? நீதான் ஒரு எடத்துல நிக்கவே மாட்டன்றியே."

என் சுறுசுறுப்பைச் சொல்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குள் கேட் சத்தம் கேட்கவே எழுந்து போனேன். பாதியில் நின்று திரும்பியபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

எருமையைப் புரட்டிக் காட்டியபோது ஓனர் முதலில் சிரித்தார். அப்புறம் வியர்த்தார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? அந்தாளு கையெழுத்துப் போட்டாத்தான் படமே பாஸாவும். மொதல்ல அத்த மாத்து."

"கொம்ப மாத்தறேன் அண்ணாத்தே. வாலு, காது எல்லாம் மாத்தறேன். நடைய மாத்துனா அது அங்கியே படுத்துரும்."

"படம் படுத்துகிச்சுன்னா?"

"படுக்காது. தன்ன ஒருத்தனும் கண்டுபுடிக்க மாட்டான்."

ஓனர் தலையில் அடித்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். புதிதாக வரைய நாளும் இல்லை.

அதற்கடுத்த வாரம் அடுப்புத் தீ என் கைக்கு வந்தது. அக்கா மஞ்சள் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். "நீலம்தானேக்கா? வந்தப்பல்லாம் சொன்னாரே" என்றேன்.

"மஞ்சளே பூசு."

"தப்பாயிடும்க்கா."

"தப்பாவட்டுமே. அதிகாரின்னு ஒருத்தரு வந்து பாத்தா ஒரு தப்பாவது கண்டுபுடிக்காம போவ மாட்டாரு. நம்மளே ஒண்ண எடுத்து வெச்சிட்டா நேரா அதுல வந்து உக்காந்துடுவாரு. இல்லன்னா அவரே பூந்து தேடுவாரு. தேடறவரு கண்ணுல எருமை பட்டுதுன்னா?" சாமிக்குப் படையல் போடுகிற மாதிரி இதைச் சொன்னாள். தீயை மட்டும் தனி ஷீட்டுகளில் வரைந்து வைத்திருந்தாள். கழுவி நீலம் பூச ஒரு காலைப்பொழுது போதும், அந்தத் துண்டை மட்டும் மறுபடி படம் பிடித்துக்கொள்ளலாம். இந்த மூளைக்கு அவள் பெரிய கட்சியே நடத்தியிருக்கலாம்.

படம் போட்டுக்காட்டுகிற நாள் வந்தது. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, வெள்ளைச் சுவரில் ஓட்ட ஏற்பாடு. அதிகாரி தனியாக வருவார் என்று நினைத்திருந்தோம். கூடவே ஒரு குமாஸ்தாவும் வந்தார். ஒல்லியாக, பேசாமல், எல்லாவற்றையும் கவனிக்கிற மாதிரி ஒரு ஆள். அதிகாரிக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்காவுக்கு மென்றுகொண்டிருந்த நெல்லிக்காய் இறங்கவில்லை. "போச்சுமே. பக்கத்துல கீறவன்" என்றாள். மஞ்சள் தீ அதிகாரிக்கான ஏற்பாடு. குமாஸ்தாவுக்கென்று அவள் எதுவும் செய்து வைக்கவில்லை.

விளக்கை அணைத்தார்கள். நான் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கதவை யாராவது திறந்துவிட்டால் வெளிச்சம் வந்துவிடுமே என்று இரண்டு மூன்று தடவை மட்டும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காக்கா இருமியது, கழுதை தள்ளாடியது. பிறகு சுவரில் ஒரு தொந்தி வந்தது. அதற்குப் பின்னால் எருமை வந்தது. கால்கள் அவசரமில்லாமல் வந்து சேர்ந்தன. எருமை மோவாயைத் தூக்கியது, கண்ணை மூடியது, அசை போட்டது, வாலைச் சுழற்றிப் பிடரியில் ஒரு தட்டுத் தட்டியது.

அதே நேரம் அதிகாரியும் கைக்குட்டையை எடுத்துப் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினார்.

குமாஸ்தா சுவரைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். அவரிடமிருந்து குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. அதை அவசரமாக இருமலாக்கி, சட்டைக் காலரை வாயில் அடைத்துக்கொண்டார். ஓனர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாருக்கும் பயப்படாத அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது. இந்த ஷெட்டில் அவள் இல்லாமல் லேத்து ஓடுவதை நினைத்து அழுகையே வந்துவிட்டது.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. அதிகாரி மோவாயைத் தூக்கினார். கண்ணை மூடினார். தாடை அசைந்தது.

"அதாவது பாருங்க... தீ மஞ்சளா எரியுது!"

எழுந்தே விட்டார். நீலம் ஏன் நீலம் என்று நெடுநேரம் விளக்கினார். முகமெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம். "ஐயையோ, கவனிக்காம பூட்டனே சார்" என்று அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நடிப்பென்று தெரிந்தும் எனக்கே பாவமாக இருந்தது. "பரவால்லம்மா, இதைத் திருத்திட்டா கையெழுத்துப் போட்டுடறேன்" என்று சொல்லிக் கிளம்பியவர், வாசல் வரை போய் நின்றார்.

"இன்னொண்ணு. அந்த எருமை."

குமாஸ்தாவின் இருமல் நின்றது.

"அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு." அக்காவின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "எங்க ஆபீஸ் டைரக்டரை நீங்க எங்கம்மா பாத்தீங்க? அந்த மோவாயைத் தூக்கறது இருக்கே! வெளியில சொல்லிடாதீங்க."

அக்கா அவசரமாகத் தலையை ஆட்டினாள். குமாஸ்தாதான் கண்ணில் தண்ணீர் வழிய, "அச்சு அசல் அவரேதான் சார்" என்றார். இரண்டு பேரும் ஜீப்பில் ஏறிய பிறகு, குடையை விட்டுவிட்டேன் என்று சொல்லிக் குமாஸ்தா மட்டும் திரும்பி ஓடிவந்தார். குடை அவர் கையிலேயே இருந்தது. "அந்த எருமை வர்ற எடத்தை மட்டும் இன்னொரு வாட்டி ஓட்டறீங்களா?" என்று கெஞ்சினார். ஓட்டிக் காட்டினோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எருமைக்குப் பதவி உயர்வு வந்துகொண்டே இருந்தது. டைரக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இது டெல்லியில் இருக்கிற அவருடைய மேலதிகாரி என்று காதோடு சொல்லிச் சிரித்தாராம். வேனில் கொண்டுபோய் ஊர் ஊராகக் காட்டினார்கள். நூம்பலில் அது சொசைட்டி செக்ரட்டரி ஆனது. சென்னீர்குப்பத்தில் ரைஸ் மில்காரர் ஆனது. அந்த ரைஸ் மில்காரரே முன்வரிசையில் உட்கார்ந்து, "எங்க சம்பந்தி மாதிரியே கீறான்யா" என்று கைதட்டினாராம். லேத்து வரவில்லை. காற்றாலைப் படம் வந்தது, சூரிய அடுப்புப் படம் வந்தது. சில வருஷம் கழித்து பம்பாயில் ஒரு பெரிய கம்பெனி அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டது. போகிற நாளன்று ஓனர் அழுதார். அழுத விதத்தை அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி, குழந்தை பிறந்து, நானும் அந்த வேலையை விட்டு வெகுநாளாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரரும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிவியில் விவசாய நிகழ்ச்சிக்கு நடுவே திடீரென்று காக்கா இருமியது. நான் கரண்டியோடு ஓடிவந்தேன். "நான் கலர் பூசின படம்! அந்தக் கோழியைப் பாருங்க, முழுக்க என் கைவேலை!"

கோழி வந்தது. இரண்டடி வைத்தது, நின்றது, கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

மகள் சோற்றுக்கையோடு எழுந்து குதித்தாள். "அம்மா! அது நீ!"

"போடி. அது டீக்கடைக்காரர் சம்சாரம்."

"இல்லம்மா, நீதாம்மா! அப்பா, பாருப்பா!"

அவர் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கிறவர்!

"இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டு முந்தானையை உதறினேன். டிவியில் கோழியும் ஒரு பக்க இறக்கையை உதறியது. இரண்டு பேரும் தரையில் உருளாத குறை.

கோபம் வந்தது. அத்தனை மாதம் ஷீட் ஷீட்டாக என்னை நானே பூசியிருக்கிறேன், என் கொண்டைக்கு நானே சிவப்பு அடித்திருக்கிறேன், ஒருநாள்கூடத் தெரியவில்லை. அதை நினைத்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோதுதான் இன்னொன்று தோன்றியது. என்னைப் பெற்றவளோ கட்டினவரோ என்னை அவ்வளவு நேரம், அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துக் கேலி மட்டும் செய்யவில்லை. அந்தப் படத்தில் யாருக்கு எது தெரிந்தாலும் அந்தக் கோழி சொல்லித்தான் தெரியும். கோழி இல்லாவிட்டால் கதையே நகராது. எனக்கு அந்தக் கணமே அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கேட் சத்தம் கேட்டது.

ஒருவரும் அசையவில்லை. அப்பாவும் மகளும் எனக்காகவே காத்திருந்தார்கள். முந்தானையைத் தொடாமல் எழுந்தேன். இரண்டடி வைத்தேன். திரும்பக் கூடாது, திரும்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே நின்று, கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்.